ஓடும் பிணங்களும் லிஃப்ட் பாட்டும்

செத்தவர்கள் எழுந்து, உயிரோடு இருப்பவர்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும் ஊர். தப்பிப் பிழைத்த சிலர் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் புகுந்து லிஃப்ட்டில் ஏறுகிறார்கள். சட்டையெல்லாம் ரத்தம். ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாது. யாரும் பேசவில்லை. லிஃப்ட்டின் ஸ்பீக்கரில் ஒரு மெட்டு மட்டும் கொஞ்சலாக ஒலித்துக்கொண்டிருக்கிறது: 'டோன்ட் வொர்ரி, பீ ஹேப்பி'. கவலையை விட்டுச் சந்தோஷமாக இருக்கச் சொல்லும் பாட்டு. மாலில் யாரோ என்றைக்கோ போட்டுவிட்டுப் போன ஒலிநாடா. ஊர் அழிந்த விஷயம் அதற்குத் தெரியாது.

2004 மார்ச்சில் வெளிவந்த 'டான் ஆஃப் த டெட்' படத்தில் வருகிறது இந்தக் காட்சி. ஜார்ஜ் ரொமெரோ 1978இல் இதே பெயரில் எடுத்த படத்தின் மறு ஆக்கம் இது. ஸாக் ஸ்னைடருக்கு முதல் படம். திரைக்கதை ஜேம்ஸ் கன், இசை டைலர் பேட்ஸ். மூவரும் பிறகு பெரிய பெயர்கள் ஆனார்கள். ஜாம்பி படம் என்றாலே முகம் சுளிக்கிறவர்களிடமும் நான் இதைப் பார்க்கச் சொல்கிறேன். பார்க்கப் பிடிக்காவிட்டால் கேட்கவாவது செய்யுங்கள் என்கிறேன். பயத்தைச் சத்தத்தால் எப்படிக் கட்டுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

நான் வயலின் வாசிப்பவள். சென்னையில் சினிமாவுக்கு ஆர்.ஆர். நடக்கும்போது கூப்பிட்டால் போய் வாசிப்பேன். படம் எடுத்து முடித்த பிறகு பின்னணி இசை சேர்க்கும் வேலைக்கு எங்கள் வட்டாரத்தில் இன்னும் அதுதான் பெயர். பேய்ப் படங்களுக்கும் நிறைய வாசித்தாகிவிட்டது. அதனால் இந்தப் பயம் தயாராகும் இடத்தை உள்ளே இருந்து எனக்குத் தெரியும்.

திகில் காட்சி என்றால் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வில்லைக் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதன் மேலேயே வைத்து இழுக்கச் சொல்வார்கள். சுருதியின் உடம்பு போய், கண்ணாடியைக் கீறுகிற சத்தம் மட்டும் மிஞ்சும். அதையே மணிக்கட்டு நடுங்க நடுங்கச் சின்னச் சின்ன வீச்சாக வாசித்தால் ட்ரெமலோ. இன்னொன்று க்ளஸ்டர்: பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது. பத்துப் பேர் சேர்ந்தால் போதும், அறையில் காற்றே கெட்டுப்போனது போல் ஆகிவிடும். கடைசியில் எல்லாரும் ஒன்றாக மேலே வழுக்கி ஏறி, 'டப்' என்று நிறுத்தினால் கதவுக்குப் பின்னால் பேய்.

இவை ஏன் வேலை செய்கின்றன என்பதற்கு ஒரு விலங்கியல் ஆராய்ச்சியாளர் பதில் தேடியிருக்கிறார். கலிஃபோர்னியாவில் டேனியல் ப்ளூம்ஸ்டீன் என்பவர் மர்மோட் என்ற மலை அணில் இனத்தைப் பல காலமாக ஆராய்கிறவர். குட்டிகளைப் பிடித்தால் அவை கத்தும் கத்தலில் சுரம் உடைந்து, கரகரப்பும் திடீர்த் தாவல்களும் கலந்துவிடுகின்றன. கேட்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கும். சினிமா இசையிலும் இதே உடைந்த ஒலிதான் இருக்கிறதா என்று பார்க்க, அவரும் குழுவினரும் 102 படங்களின் காட்சிகளை எடுத்து ஒலியை ஆராய்ந்தார்கள். 2010இல் முடிவு வெளிவந்தது. திகில் படங்களில் இந்தக் கரகரப்பும் அலறலும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தன. குதிரைக்குப் பக்கத்தில் வில்லை வைத்து நாங்கள் செய்வது ஒரு குட்டியின் கதறலைத்தான் என்று அதற்குப் பிறகு எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அந்தக் கதறலில் ஒரு சிக்கல் உண்டு. அது எச்சரிக்கையும்கூட. எங்கள் குழுவில் செல்லோ வாசிக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு பேய்ப் பட வேலையில் டேக் முடிந்து டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்: "அண்ணே, இதைக் கேட்டு இன்னும் ஜனங்க பயப்படுறாங்களா?"

"நாம ஆரம்பிச்ச உடனே அவன் காதைப் பொத்திக்கிட்டு ரெடியாயிடுறாம்மா" என்றார். "அதுக்கப்புறம் பேய் வந்தா என்ன, வராட்டி என்ன?"

லிஃப்ட் காட்சி அங்கேதான் ஜெயிக்கிறது. அது நம்மைத் தயார்ப்படுத்துவதில்லை. திகில் இசை ஒலித்தால் படம் நம் பக்கம் இருக்கிறது என்று பொருள். ஆபத்து வருவது அதற்கும் தெரியும், நமக்கும் சொல்கிறது. லிஃப்ட் பாட்டு யார் பக்கமும் இல்லை. உள்ளே நிற்பவர்கள் வாடிக்கையாளர்களா, பிணங்களா, கடைசி மனிதர்களா, அதற்கு எல்லாம் ஒன்று.

இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பாபி மெக்ஃபெரின் 1988இல் பாடியது. அதில் வாத்தியமே கிடையாது. பாட்டு, அதற்குப் பின்னால் வரும் கோரஸ், சீழ்க்கை, தாளம் எல்லாமே அவர் குரலும் உடம்பும்தான். தனித்தனியாகப் பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. முழுக்க முழுக்க மூச்சால் செய்த பாட்டு. லிஃப்ட்டில் ஒலிப்பது அதன் வாத்திய வடிவம். மனிதக் குரலை எடுத்துவிட்டார்கள், மெட்டு மட்டும் நடமாடுகிறது. ஒரு பாட்டு ஜாம்பி ஆனால் இப்படித்தான் இருக்கும். இயக்குநர் இதை யோசித்துச் செய்தாரோ இல்லையோ, எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் சில்லிட்டுப் போகிறது.

இப்படிப்பட்ட இசைக்கென்றே அமெரிக்காவில் ஒரு தொழில் வளர்ந்தது. ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் என்ற ராணுவ ஜெனரல் கம்பி வழியாக இசையை அனுப்பும் வழி கண்டுபிடித்தார். அதிலிருந்து 1934இல் பிறந்தது 'மியூஸாக்' நிறுவனம். கவனித்துக் கேட்பதற்கான இசை அல்ல அவர்களுடையது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கால் மணி நேரம் பாட்டு, கால் மணி நேரம் மௌனம் என்று போடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்குள்ளேயே வேகமும் துள்ளலும் படிப்படியாகக் கூடும். கேட்கிறவர் தனக்கே தெரியாமல் சுறுசுறுப்பாக வேலை செய்வார் என்பது கணக்கு. கடைகளுக்குக் கணக்கு வேறு. ரொனால்ட் மில்லிமன் என்பவர் 1982இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நடத்தியது. மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள். வேகமான இசை ஒலித்தபோது நடந்த விற்பனையைவிட 38 சதவீதம் அதிகமாக வாங்கினார்கள்.

மெதுவாக நடக்கிற, எதற்கு வந்தோம் என்று நினைவில்லாத கூட்டம். ரொமெரோ 1978இலேயே இதைப் பார்த்துவிட்டார். அவருடைய ஜாம்பிகள் கால்களை இழுத்து இழுத்து எஸ்கலேட்டரில் ஏறுவார்கள், விழுவார்கள், கண்ணாடி ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். உயிரோடு இருந்தபோது வந்து பழகிய இடம் என்பதால் செத்த பிறகும் வருகிறார்கள். படம் எடுத்தது பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் அருகே உள்ள மன்ரோவில் மாலில். 1977-78 குளிர்காலத்தில், கடைகள் மூடிய பிறகு இரவு இரவாகப் படப்பிடிப்பு. கிறிஸ்துமஸ் அலங்காரம் வைத்துவிட்டார்கள் என்று நடுவில் நிறுத்தியும் வைத்தார்கள். காலை 7 மணிக்கு மாலின் பின்னணி இசை தானாகவே ஓடத் தொடங்கிவிடுமாம். அதை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாததால், அதற்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவார்களாம். கதையில் வருவது அப்படியே படக்குழுவுக்கும் நடந்திருக்கிறது: யாருக்காகவும் நிற்காத பாட்டு.

அந்த முதல் படத்தின் இசைக்கும் ஒரு கதை உண்டு. பணம் போட உதவிய இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவுக்கு, ஆங்கிலம் பேசாத நாடுகளுக்குப் படத்தைத் தானே வெட்டி ஒட்டும் உரிமை கிடைத்தது. அவருடைய படம் 119 நிமிடம். ரொமெரோவின் அமெரிக்கப் படம் 127 நிமிடம். அர்ஜென்டோ தன் நண்பர்களான 'காப்ளின்' ராக் குழுவின் இசையைப் படம் நெடுகப் போட்டார். சிந்தசைசரும் டிரம்மும் சேர்ந்த ஒரே சீரான கனத்த அடி, அவசரமே இல்லாமல் நெருங்கி வரும். ரொமெரோ அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்ச இடங்களில் லைப்ரரி இசையைப் போட்டார். லைப்ரரி இசை என்றால் எந்தப் படத்துக்கும் என்று இல்லாமல் முன்கூட்டியே பதிவு செய்து வைத்து, கேட்கிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பது. ஹெர்பர்ட் சாப்பல் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'த கோங்க்' அங்கிருந்து வந்ததுதான். சைலஃபோனும் பித்தளை வாத்தியங்களும் குதிக்கும் ஒரு கோமாளி நடை. மாலில் பிணங்கள் தள்ளாடும்போது அது ஒலிக்கிறது. ஒரே காட்சிகள், இரண்டு இசை. இத்தாலியப் படத்தைப் பார்த்தால் உலகம் முடியப் போகிறது என்ற பயம் வரும். அமெரிக்கப் படத்தைப் பார்த்தால் உலகம் முடிந்தும் கடை திறந்திருக்கிறதே என்ற பயம். எனக்கு இரண்டாவதுதான் ஆழமானது.

இருபத்தாறு வருடம் கழித்து மறு ஆக்கம் செய்தவர்கள் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். ஜாம்பிகளை ஓடவிட்டார்கள். ரொமெரோவுக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை. செத்த உடம்பு எப்படி ஓடும் என்பது அவர் கட்சி. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் வாசிப்பவர்கள் கண்ணோட்டத்தில் பார்த்தால், ஓட்டம் வந்தவுடனே தாளம் மாறியே தீர வேண்டும். காப்ளினின் நிதானமான அடியை ஓடும் பிணத்துக்குப் போட முடியாது. டைலர் பேட்ஸ் செய்தது இரண்டு. ஒன்று, துரத்தல் வரும்போது மூச்சுவிட இடம் தராத தாளம். இன்னொன்று, மற்ற நேரங்களில் மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதையுமே தராமல், கீழ்ச்சுருதி உறுமலும் எலெக்ட்ரானிக் முனகலும் உரசும் தந்திகளுமாகத் தரையைப் போல் பரப்பி வைப்பது. படம் முடிந்து வெளியே வந்தால் அவருடைய இசையில் முணுமுணுக்க ஒரு வரி இருக்காது. அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. நான் அதைத்தான் பாராட்டுவேன். மெட்டுள்ள பாட்டையெல்லாம் அவர் மாலின் ஸ்பீக்கருக்கும் ரேடியோவுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார். இந்தப் படத்தில் இனிமையாக ஒலிப்பது எதையும் நம்ப முடியாது.

முதல் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள். ஆனா என்ற நர்ஸ் (நடித்தவர் சாரா போலி) ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து காரில் வீட்டுக்குப் போகிறாள். ரேடியோவில் செய்தி வருகிறது; அலுப்பில் பாட்டுக்கு மாற்றுகிறாள். ஸ்டீரியோஃபோனிக்ஸ் குழுவின் 'ஹேவ் எ நைஸ் டே'. வீட்டில் அவளும் கணவனும் குளித்துக்கொண்டிருக்கும்போது டிவியில் அவசரச் செய்தி ஓடுகிறது; கேட்க ஆளில்லை. விடிந்தால், படுக்கையறை வாசலில் பக்கத்து வீட்டுச் சிறுமி நிற்கிறாள். இதுவரைக்கும் ஒரு வயலின்கூட நம்மைத் தொட்டு எழுப்பவில்லை. எச்சரிக்கை எல்லாம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தவறான அறையில், மாற்றிவிட்ட அலைவரிசையில். பின்னணி இசை செய்ய வேண்டிய வேலையைக் காரும் டிவியும் செய்துவிட்டு, யாரும் கேட்காமல் போனதை நமக்கு மட்டும் காட்டுகின்றன. அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக வெடிக்கிறது. ஆனா குளியலறை ஜன்னல் வழியாகத் தப்பி, எரியும் தெருக்கள் வழியாகக் காரை ஓட்டி, மரத்தில் மோதி நினைவிழக்கிறாள்.

உடனே டைட்டில். 'செவன்' படத்துக்கு டைட்டில் செய்த கைல் கூப்பர் செய்தது. செய்தித் துணுக்குகளும் கலவரக் காட்சிகளும் வெட்டி வெட்டி வருகின்றன. அதன்மேல் வேகமான திகில் இசை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவது ஜானி கேஷ். ஒரு சாதாரண கிட்டார், ஒரு கிழவரின் குரல். 'த மேன் கம்ஸ் அரவுண்ட்', 2002இல் வெளிவந்த பாட்டு. அதன் சொற்கள் பெரும்பாலும் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுத்தவை. சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசித்து வளர்ந்த எனக்கு அந்தப் புத்தகம் பழக்கம். குதிரைகளும் எக்காளங்களும் நிறைந்த அந்த அதிகாரங்களைப் பெரியவர்கள் சத்தமாக வாசித்ததே இல்லை, தாழ்ந்த குரலில்தான் வாசிப்பார்கள். கேஷும் அப்படித்தான் பாடுகிறார். பயமுறுத்த வேண்டும் என்ற எண்ணமே குரலில் இல்லை. தனக்கு முன்பே தெரிந்ததை, நமக்கு இப்போது சொல்கிறார். 2003 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். படம் வந்த அந்த மார்ச்சில் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது, ஆறு மாதம் முன்பு போய்ச் சேர்ந்தவரின் குரல்.

மாலுக்குள் வாழ்க்கை பழகிப்போன பிறகு ஒரு தொகுப்புக் காட்சி வருகிறது. கூட்டம் கதவுக்கு வெளியே முட்டிக்கொண்டு நிற்க, உள்ளே இருப்பவர்கள் கடைகளில் விருப்பம்போல் எடுத்து அனுபவிக்கிறார்கள். இதற்குப் போட்டது 'டவுன் வித் த சிக்னஸ்'. டிஸ்டர்ப்ட் என்ற மெட்டல் குழு 2000இல் உறுமலும் இடியுமாகப் பாடியது. படத்தில் இங்கே ஒலிப்பது ரிச்சர்ட் சீஸ் என்பவர் ஹோட்டல் பார் பாடகரைப் போலக் கொஞ்சிக் குழைந்து பாடிய வடிவம். மறு ஆக்கப் படத்துக்குள் ஒரு மறு ஆக்கப் பாட்டு! நோயைப் பற்றிக் கத்திய சொற்கள் அப்படியே இருக்கின்றன, மேலே வாசனைத் தைலம் பூசியிருக்கிறார்கள். அந்த மனிதர்களின் நிலைமையும் அதுதான். தியேட்டரில் எல்லாரும் சிரிக்கும் இடம் இது. எனக்கு அங்கே சிரிப்போடு ஒரு வருத்தமும் சேர்ந்தே வருகிறது, அவர்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டார்கள் என்று.

இந்த மால் கனடாவில் டொராண்டோ பக்கத்தில் தார்ன்ஹில் என்ற இடத்தில் இருந்தது. இடிக்கப்போகிற கட்டடத்தைப் பிடித்து, கடைகளையெல்லாம் புதிதாக அமைத்துப் படம் எடுத்தார்கள். வெறும் கட்டடத்தின் எதிரொலியைப் படம் நெடுக உணர முடிகிறது. ஆட்கள் பேசும் குரலைவிடக் காலடிச் சத்தம் பெரியதாகக் கேட்கும் இடம் அது.

இசையே இல்லாமல் என்னை மிகவும் கலக்கியது ஆண்டியின் பகுதி. சாலைக்கு எதிர்ப்புறம் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஆண்டி தன் கடை மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்க மாடியில் கென்னத் என்ற போலீஸ்காரர், நடித்தவர் விங் ரேம்ஸ். நடுவில் ஆயிரக்கணக்கான பிணங்கள். இரண்டு பேரும் எழுத்துப் பலகையைத் தூக்கிக் காட்டிக்காட்டிப் பேசிக்கொள்கிறார்கள், சதுரங்கம்கூட ஆடுகிறார்கள். இரண்டு மாடிக்கும் நடுவே நட்பு வளர்கிறது, ஆனால் வெகுநாள் ஒருவர் குரலை மற்றவர் கேட்டதில்லை. பிறகு ஒரு நாள் ஆண்டி தூக்கிக் காட்டும் பலகையில் எழுத்து இல்லை, ரத்தக் கறை மட்டும். நம்மூர்ப் படமாக இருந்தால் அந்த இடத்தில் எங்களை எல்லாம் உட்காரவைத்துப் பிழிந்து எடுத்திருப்பார்கள். பலகையே போதும் என்று நான் நினைக்கிறேன்.

எல்லா இடத்திலும் இந்த நிதானம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பாய்ந்து வரும் கை ஒவ்வொன்றுக்கும் காதில் அறைகிற மாதிரி ஒரு அடி போட்டிருக்கிறார்கள். அதை ஸ்டிங்கர் என்பார்கள். முதல் இரண்டு முறை உடம்பு தூக்கிப்போடும். பிறகு செல்லோ அண்ணன் சொன்னதுதான் நடக்கிறது, காது தயாராகிவிடுகிறது. இறுதியில் பஸ்களில் ஏறித் தப்பும் நீண்ட சண்டையிலும் தாளம் ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதால், யார் செத்தார்கள் என்பதில்கூட மனம் தங்குவதில்லை. அங்கே ஒரு நிமிடம் இசையை நிறுத்தியிருந்தால் அந்தச் சாவுகளுக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

பேட்ஸும் ஸ்னைடரும் அதற்குப் பிறகு '300', 'வாட்ச்மென்' என்று சேர்ந்தே போனார்கள். ஜேம்ஸ் கன் 2014இல் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' எடுத்தபோது அதற்கும் பேட்ஸ்தான் இசை. அதிலும் பழைய பாப் பாட்டுகள் முன்னால் நிற்க, பேட்ஸின் இசை பின்னால் நின்று தாங்கும். 'டான் ஆஃப் த டெட்' இசை தனி ஆல்பமாக வெளிவந்தது 2012இல்தான். அதைத் தனியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி லிஃப்ட்டிலும் ரேடியோவிலும் இருக்கிறது.

இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிழைத்தவர்கள் படகில் ஏறி மிச்சிகன் ஏரியில் கிளம்பியதும் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். எழுந்துவிடாதீர்கள். பெயர்களுக்கு நடுவே படகில் இருந்தவர்கள் கையடக்க கேமராவில் எடுத்த துணுக்குகள் வருகின்றன. சாப்பாடு குறைகிறது, தண்ணீர் குறைகிறது, ஒரு தீவு தெரிகிறது. அவர்களுக்கு என்ன ஆனது என்பது அங்கேதான் தெரியும். கூடவே ஜிம் கேரல் குழு 1980இல் பாடிய, செத்துப்போன நண்பர்களின் பெயர்களை வேகவேகமாக அடுக்கும் ஒரு பாட்டு ஒலிக்கிறது. 'டவுன் வித் த சிக்னஸ்' பாட்டும் அந்தக் கடைசி ஓட்டத்தில் வருகிறது, இந்த முறை டிஸ்டர்ப்ட் குழுவின் சொந்த உறுமலோடு.